மின்னும் காசைப் படமெடுத்தல்: தாலிக்கொடிப் பவுணுக்கு ஓர் அடையாளம்

2025 மே மாதத்தில், போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் மீட்கப்பட்ட தங்கத்தின் ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. போர் முடிந்து 16 ஆண்டுகளின் பின்னர் அந்தச் செய்தி வந்தது. வன்னியில் நான் சந்தித்தவர்களிடம் அது எழுப்பிய முதல் கேள்வி, "அதுக்குள்ள எங்கட சாமான் இருக்குமோ?" என்பதுதான். உடனேயே இரண்டாவது கேள்வியும் வந்தது: "இருந்தாலும் எங்கடதெண்டு என்னத்தைக் காட்டிக் கேக்கிறது?"

தமிழீழ வைப்பகத்தில் நகை அடைவு வைத்தவர்களில் பலர் அதற்கான துண்டையும் 2009 இல் வழியில் விட்டுவிட்டே வந்தார்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது கிணற்றடியிலும் வாழையடியிலும் புதைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர்களுடைய நகையும் காசும் பறிக்கப்பட்டன. அவர்கள் கையில் துண்டு எதுவும் கொடுக்கப்படவில்லை. எல்லோரிடமும் இருப்பது ஞாபகம்தான். "ரண்டு பவுண் காசு, கொடியில கோத்தது" என்று ஓர் அம்மா சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். ஆனால் அதே வசனத்தை ஆயிரம் அம்மாமார் சொல்வார்கள்.

போனதற்கு இனிப் படமெடுக்க முடியாது. மிஞ்சியிருப்பதற்கும் பிறகு வாங்கியதற்கும் முடியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எத்தனையோ வீடுகளில் நகை மறுபடியும் அடைவுக்குப் போயிருக்கிறது. நான் செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் சில குடும்பங்களுக்கு நகைகளையும் பழைய காசுகளையும் படமெடுத்துக் கொடுத்து வருகிறேன். காப்பும் சங்கிலியும் எப்படி எடுத்தாலும் ஓரளவுக்கு வந்துவிடும். கரைச்சல் தருவது காசுதான். "தம்பி, என்னெண்டு எடுத்தாலும் அதுக்குள்ள போன்தான் தெரியுது" என்று கிளிநொச்சியில் ஒருவர் சொன்னார். பிழை அவருடைய போனில் இல்லை.

ஒரு கடதாசியின் மேல் விழும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். அதனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது வெள்ளையாகவே தெரியும். மினுக்கமான உலோகம் அப்படிச் செய்வதில்லை. வெளிச்சம் எந்தச் சரிவில் வந்ததோ அதே சரிவில் மறுபக்கம் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே கமராவுக்குத் தெரிவது காசுக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதுதான். எதிரே கறுப்புப் போன் இருந்தால் காசு கறுப்பு. எதிரே பிளாஷ் இருந்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிவர இருட்டு. எதிரே மின்விசிறி இருந்தால் அரசியின் கன்னத்தில் மின்விசிறி.

இதை ஒரு கணக்காகவும் பார்க்கலாம். தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்றுக்கு நேர் மேலே கமராவைப் பிடித்தால், அதற்குள் தெரியும் பரப்பு, கமரா இருக்கும் மட்டத்தில், கண்ணாடியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. பிரித்தானியப் பவுண் காசின் விட்டம் 22.05 மில்லிமீற்றர். எனவே அது பார்ப்பது போனின் மட்டத்தில் ஏறக்குறைய 44 மில்லிமீற்றர் வட்டம். லென்ஸும் அதைச் சுற்றியுள்ள கொஞ்ச இடமும் மட்டும்தான். அந்தச் சின்ன வட்டத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானித்தால் போதும். ஸ்ரூடியோவும் வேண்டாம், விலை கூடிய கமராவும் வேண்டாம்.

நான் செய்வது இது. யன்னலோரம் ஒரு மேசை. நேரடி வெயில் விழக்கூடாது. மேலே இருக்கும் லைற்றையும் மின்விசிறியையும் நிறுத்திவிடுவேன். ஒரு வெள்ளைக் கடதாசியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, லென்ஸ் அந்த ஓட்டையால் பார்க்கும்படி போனின் பின்பக்கம் ஒட்டிவிடுவேன். இப்போது காசுக்கு எதிரே கறுப்புப் போன் இல்லை, வெள்ளைக் கடதாசி இருக்கிறது. மேசைவிளக்கு இருந்தால் அதைக் காசுக்குத் திருப்பாமல் கடதாசிக்குத் திருப்ப வேண்டும். வெளிச்சம் கடதாசியில் பட்டுக் காசுக்கு வரும்போது மெதுமையாகிவிடும். விளக்கைப் பாவித்தால் யன்னலைச் சாத்திவிடுங்கள். மஞ்சள் விளக்கும் பகல் வெளிச்சமும் கலந்தால் தங்கம் ஒரு பக்கம் செம்பாகவும் மறுபக்கம் பித்தளையாகவும் தெரியும்.

இன்னும் ஒரு தொல்லை இருக்கிறது. கடதாசியின் ஓட்டையே காசின் நடுவில் கறுப்புப் பொட்டாக விழும். அதற்கு ஒரு தீக்குச்சி போதும். காசின் ஒரு விளிம்புக்குக் கீழே குச்சியை வைத்தால் அந்தப் பக்கம் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் உயரும். பவுண் காசுக்கு அது 5 பாகைச் சரிவு. கண்ணாடி 5 பாகை சரிந்தால் அதற்குள் தெரிவது 10 பாகை நகரும். போனை 25 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்திருந்தால் அந்த 10 பாகை என்பது 4 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். லென்ஸின் நிழல் காசை விட்டு முற்றாக வெளியே போய்விடும். எந்தப் பக்கத்தை உயர்த்துகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் காசு பார்க்கும். கடதாசி அந்தப் பக்கம் தாராளமாக நீண்டிருக்க வேண்டும். படத்தில் காசு மிகச் சிறிதளவு நீள்வட்டமாக வரும், கண்ணுக்குத் தெரியாது.

போனைக் கையில் பிடிக்காதீர்கள். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வையுங்கள். காசுக்குக் கிட்டப் போகாமல், உயரத்தில் வைத்து இரண்டு மடங்கு சூம் செய்யுங்கள். கிட்டப் போனால் போன் தன் நிழலையே படமெடுக்கும். பிளாஷ் எப்போதும் வேண்டாம். திரையில் காசின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் தெளிவும் வெளிச்சமும் பூட்டப்படும்; பிறகு விரலைக் கீழே இழுத்து, ஆக வெளிச்சமான இடத்திலும் கீறல் தெரியும்வரை குறைக்க வேண்டும். தங்கம் எரிந்து வெள்ளையாகிவிட்டால் அந்த இடத்தில் இருந்த விபரத்தை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இருட்டாக வந்த படத்தைக் கொஞ்சம் மீட்கலாம். 3 செக்கன் ரைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

எடுக்க முன்னர் காசை மினுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். திருநீறு, பழப்புளி, பற்பசை என்று எங்கள் வீடுகளில் ஆளுக்கொரு முறை உண்டு. வெள்ளிக் காசை இவற்றால் தேய்த்தால் அதில் படிந்த பழைய கறுப்பு மட்டுமல்ல, மேற்பரப்பும் போய்விடும். சேகரிப்பாளர் அதைக் கண்டவுடனேயே விலையைக் குறைப்பார். தூசியென்றால் ஊதிவிடுங்கள். காசை விளிம்பில் பிடியுங்கள். விரல் ரேகையிலுள்ள எண்ணெயும் உப்பும் மினுக்கமான பரப்பில் நாளடைவில் நிரந்தரமாகிவிடும்.

அடையாளம் காட்டும் படத்துக்கும் விற்கப் போடும் படத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஊடகக் கற்கையில் எங்களுக்குப் பொருட்களைப் படமெடுக்கச் சொல்லித் தந்தபோது கீறலையும் அழுக்கையும் மறைப்பதே திறமை என்றார்கள். விளம்பரத்துக்கு அது சரி. இங்கே எங்களுக்கு வேண்டியதே அந்தக் கீறல்தான். பவுண் காசுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டுமென்றே அடிக்கப்பட்டவை: 22 கரட், 7.98 கிராம், ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை, மறுபக்கம் பெரும்பாலும் குதிரைமேல் புனித ஜோர்ஜ் பறவைநாகத்தைக் கொல்லும் காட்சி. பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி செதுக்கிய அந்தக் காட்சி 1817 இலிருந்து வருகிறது. எங்கள் பத்தர்மார் 8 கிராமை ஒரு பவுண் என்று கணக்குப் பார்ப்பதும் இந்தக் காசின் நிறையிலிருந்து வந்ததுதான். கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட இந்தக் காசுகளில் உங்களுடையதைப் பிரித்துக் காட்டப் போவது மூன்று விடயங்கள்.

முதலாவது ஆண்டு. புனித ஜோர்ஜுக்குக் கீழே இருக்கும். எல்லா வீட்டிலும் "பழைய பவுண்" என்பார்கள். ஆண்டைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது, எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதைச் சொல்லும் ஒற்றை எழுத்து. புனித ஜோர்ஜ் பக்கத்தில், ஆண்டுக்கு மேலே, குதிரை நிற்கும் தரைக்கோட்டில் கடுகளவாக இருக்கும். ஆங்கில எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்பேர்ண், பி என்றால் பேர்த். ஐ என்றால் பம்பாய். அங்கே பவுண் அடிக்கப்பட்டது 1918 இல் மட்டும். எழுத்து இல்லையென்றால் பொதுவாக லண்டன். விக்டோரியாவின் இளவயது முகமுள்ள சில காசுகளில் இந்த எழுத்து தலைப்பக்கம், கழுத்துக்குக் கீழே இருக்கும். இந்த எழுத்துக்காகத் தனியாக ஒரு கிட்டப் படம் எடுக்க வேண்டும். நகைக்காக உள்ளூரில் அச்சடித்த காசுகளும் புழக்கத்தில் உண்டு. அவற்றில் எழுத்துகளின் ஓரம் உருகிய மெழுகுபோல மழுங்கியிருக்கும். நல்ல படத்தில் அதுவும் தெரிந்துவிடும். வாங்கும்போது ஏமாற்றப்பட்டோமா என்பதை அடைவுக் கடையில் அறிவதைவிட வீட்டிலேயே அறிவது நல்லது.

மூன்றாவதுதான் ஆகப் பெரிய அடையாளம்: உங்கள் வீட்டு வாழ்க்கை அந்தக் காசில் போட்ட காயம். கொடியில் கோப்பதற்காகப் பத்தர் ஒட்டிய வளையம், அந்த இடத்தில் தங்கம் பரவிய விதம், 30 வருடம் சட்டையில் உரஞ்சித் தேய்ந்த மூக்கு, எங்கோ விழுந்து நசுங்கிய விளிம்பு. சேகரிப்பாளருக்கு வளையம் ஒட்டிய காசு கழிவு. தங்கத்தின் விலை மட்டும்தான் தருவார். ஆனால் அதே வளையம் இருப்பதால் உலகத்தில் அதேபோல இன்னொரு காசு இல்லை.

இந்தக் காயங்களை எடுக்க முன்னர் சொன்ன மெதுவான வெளிச்சம் போதாது. அது எல்லாவற்றையும் சமமாகக் காட்டும். அதனால் இரண்டாவது படம். லென்ஸைச் சுற்றிய வெள்ளைக் கடதாசியை எடுத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, ஒரு ரோர்ச் லைற்றை மேசை மட்டத்தில், காசின் ஒரு பக்கமிருந்து மட்டும் பிடியுங்கள். தட்டையான பரப்பு இருண்டுவிடும். மேடும் பள்ளமும் கீறலும் மட்டும் ஒளிரும். மாலை வெயிலில் செம்மண் ஒழுங்கையில் ஒவ்வொரு கல்லும் நீள நிழல் போடுவதுபோல, தேய்ந்துபோன ஆண்டுகூடப் பல தடவை இந்த வெளிச்சத்தில் வாசிக்க வரும். ரோர்ச்சை மணிக்கூட்டு முள்ளைப்போல நான்கு பக்கமும் நகர்த்தி நான்கு படம் எடுங்கள். ஒன்றில் தெரியாதது மற்றதில் தெரியும். மூன்றாவது படத்தில் அடிமட்டமும் சின்னத் தராசும் இருக்கட்டும். அடிமட்டம் காசின் மேற்பரப்பின் உயரத்திலேயே இருக்க வேண்டும், கீழே கிடந்தால் அளவு பிசகும். படம் தங்கத்தின் தரத்தைச் சொல்லாது, நிறமும் ஏமாற்றும். நிறையும் விட்டமும் ஏமாற்றுவது கடினம். நகைக் கடையில் நிறுக்கும்போது தராசின் எண்ணோடு சேர்த்து ஒரு படம் எடுக்கக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புலம்பெயர்ந்த உறவுகள் கொண்டுவந்து கொடுத்த பெட்டிக் காசுகளும், மத்திய வங்கியின் ஞாபகார்த்த நாணயங்களும் சில வீடுகளில் இருக்கின்றன. இவற்றில் புரூப் என்று சொல்லப்படும் ரகம் வேறு விதம். அச்சையும் தகட்டையும் மினுக்கி அடிப்பதால் வெற்றுப் பரப்பு முழுக் கண்ணாடி. உருவமும் எழுத்தும் மட்டும் பனி படர்ந்ததுபோல மங்கல். இங்கே வெள்ளைக் கடதாசிக்குப் பதிலாகக் கறுப்புத் துணியை லென்ஸைச் சுற்றி வையுங்கள். கண்ணாடிப் பரப்பு கறுப்பைப் பார்க்கும், மங்கலான உருவம் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளையாக எழும்பும். பட்டியல்களில் நீங்கள் பார்க்கும் கறுப்புப் பின்னணிப் படங்களின் இரகசியம் இவ்வளவுதான். பிளாஸ்ரிக் உறையிலிருந்து இந்தக் காசை எடுக்க வேண்டாம். உறையின் பளபளப்பு தொல்லை தந்தால் காசையும் உறையையும் சேர்த்துச் சரியுங்கள்.

கொஞ்சம் மினக்கெட ஆயத்தமானவர்களுக்கு இன்னொரு வழி. பழைய படச் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி, போனுக்கும் காசுக்கும் நடுவில் 45 பாகை சரிவாக நிறுத்துங்கள். பக்கத்திலிருந்து விளக்கடித்தால், கண்ணாடி அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கைச் செங்குத்தாகக் காசின்மேல் இறக்கும். காசு அதை நேரே மேலே திருப்பும். போன் கண்ணாடியூடாக அதைப் பார்க்கும். விளக்கு வெளிச்சம் நேரடியாகக் காசில் விழாதபடி ஒரு கறுப்பு மட்டையால் மறையுங்கள். பரப்பு முழுவதும் ஒரே சீராக ஒளிரும், எழுத்தின் ஓரங்கள் மையால் கீறியதுபோல வரும். கண்ணாடியின் விளிம்பில் ரேப் ஒட்ட மறவாதீர்கள்.

போலரைசர் கண்ணாடி வாங்கினால் மினுக்கம் போய்விடுமா என்று கேட்கிறார்கள். தண்ணீரிலும் கண்ணாடியிலும் போகும். உலோகத்தில் அதை மட்டும் போட்டால் பிரயோசனம் இல்லை. கொமினிகேசன் கடை ஸ்கானரில் வைத்து எடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. தேய்ந்த வெள்ளி ரூபாய்க்கு அது பரவாயில்லை. மினுக்கமான காசு அங்கே கறுத்துப்போகும், ஏனென்றால் ஸ்கானரின் வெளிச்சம் சரிவாக வந்து மறுபக்கம் போய்விடுகிறது.

வெள்ளி ரூபாய் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 1872 இலிருந்து இந்திய ரூபாய்தான் இலங்கையின் சட்டரீதியான பணம். அதனால்தான் விக்டோரியா, ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட 11.66 கிராம் வெள்ளிக் காசுகள் எங்கள் பாட்டிமாரின் பெட்டகங்களில் கிடந்தன. ஷெல் விழுந்து எரிந்த வீட்டின் நிலத்தைக் கிண்டும்போது இவை சில தடவை வெளிவருகின்றன. நெருப்புப் பட்ட வெள்ளியில் மினுக்கம் இராது. கண்ணாடி வித்தைகள் எதுவும் தேவையில்லை, ரோர்ச் வெளிச்சம் மட்டும் போதும். ஆனால் பழங்காலக் காசு, உதாரணமாக நந்தியும் "சேது" என்ற எழுத்தும் உள்ள ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக் காசு, நிலத்தில் கிடைத்தால் அது வேறு கதை. அது 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். புதையல் தேடிக் கிண்டுவது குற்றம். எடுத்த இடத்தையும் சேர்த்துப் படமெடுத்து வையுங்கள். கிடந்த இடம் தெரியாத பழங்காசுக்கு வரலாற்றில் மதிப்புக் குறைவு.

எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். எப்போது, எந்தப் போனில் எடுத்தது என்ற உட்தகவலையும் நீக்கிவிடும். படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும். கத்தரித்து அழகாக்கிய பிரதி வேண்டுமென்றால் தனியாகச் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். படம் மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது. வாங்கிய கடைத் துண்டு, அடைவுத் துண்டு, அந்தக் கொடி கழுத்தில் இருக்கும் கலியாணப் படம், இவற்றோடு சேரும்போதுதான் அது பலம். துண்டுகளையும் காசையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து ஒரு படம் எடுப்பது நல்லது. அடைவுத் துண்டில் எழுத்து மை மங்கிப்போக முன்னர் எடுங்கள்.

பேஸ்புக்கில் மட்டும் போடாதீர்கள். போனில் இடத்தைப் பதியும் வசதி திறந்திருந்தால் மூலப் படத்துக்குள் உங்கள் வீடு இருக்கும் இடமும் பதிந்திருக்கும். விலை கேட்பதற்காகத் தெரியாத ஒருவருக்கு அனுப்புவதென்றால் வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக, ஒரு பக்கம் மட்டும் அனுப்புங்கள். வளையத்தின் கிட்டப் படமும் விளிம்பின் படமும் உங்களிடமே இருக்கட்டும். மூலப் பிரதிகள் இரண்டு ஊர்களில் இருக்க வேண்டும். ஒன்று உங்கள் போனில், மற்றது கனடாவிலோ கொழும்பிலோ நம்பிக்கையான ஒருவரிடம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது போன் தரும் எண்ணை விட்டுவிட்டு ஆண்டு, எழுத்து, நிறை, யாருடைய கொடி என்று எழுதுங்கள்: "1911 எஸ், வளையத்தோடு 8.3 கிராம், அம்மம்மாவின் கொடி, இடப்பக்கக் காசு."